எட்ட நின்று கிட்டக் கண்டவை

வெளிநாட்டுப் பிரயாணம் செய்து திரும்பியவனைக் கண்டால் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பது முதற் கேள்வி. "குளிர் தாங்க முடிந்ததா?" என்பது இரண்டாவது. ஆப்பிரிக்கா கண்டத்துக்கும் போய் வந்தவன் என்று தெரிந்துவிட்டாலோ, மூன்றாவது கேள்வி தவறாமல் வரும்: "சிங்கத்தை எவ்வளவு கிட்டத்தில் பார்த்தீர்கள்?"

சில மாதங்களுக்கு முன் செங்கற்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேசச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, இதே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாள். "ஐயா, உங்கள் வாழ்நாளிலே ஒரு காட்டுப் பிராணியை மிகவும் கிட்டத்தில் பார்த்தது எந்த நாட்டில்?" என்றாள். அவள் எதிர்பார்த்தது ஆப்பிரிக்காவை என்பதில் ஐயமில்லை. "இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில், மாமல்லபுரத்துக் கடற்கரையில்" என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள். மணி அடித்துவிட்டதால் விளக்கம் சொல்ல நேரமில்லாமற் போயிற்று. அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் சிங்கத்தின் கதையை முடித்துவிடுவோம். உத்தியோக நிமித்தமாகப் பல தேசங்களுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அப்படி ஒரு முறை தான்சானியா நாட்டில் உள்ள செரங்கெட்டி என்னும் பெரும் புல்வெளிக்குச் சென்றேன். வில்டபீஸ்ட் என்ற மாட்டு முகம் கொண்ட மான்கள் பத்து லட்சத்துக்கும் மேலாக, மழையையும் புல்லையும் தேடி ஆண்டுதோறும் அங்கே வட்டமிட்டு அலைகின்றன. அவற்றின் பின்னே சிங்கங்களும் கழுதைப்புலிகளும் செல்கின்றன. நாங்கள் மோட்டார் வண்டியில் அமர்ந்திருந்தோம். பத்தடி தூரத்தில் ஒரு பெண்சிங்கம் படுத்திருந்தது. அது எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. "வண்டியையும் அதற்குள் இருக்கும் நம்மையும் அது ஒரே பொருளாக எண்ணுகிறது. நீங்கள் எழுந்து நின்றாலோ, காலைக் கீழே வைத்தாலோ, கதை வேறாகிவிடும்" என்றார் வழிகாட்டி. அப்பொழுதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அந்தச் சிங்கத்தைப் பொறுத்தவரை நான் அங்கே இல்லவே இல்லை. அங்கே இருந்தது ஒரு வண்டிதான். பத்தடி தூரம் என்பது என் கணக்கே ஒழிய, சிங்கத்தின் கணக்கன்று.

இலங்கையில் ஒரு வனத்தில் நான் கண்ட காட்சி இதற்கு நேர்மாறானது. ஒரு மரக்கிளையில் சிறுத்தை ஒன்று படுத்திருப்பதாகச் செய்தி பரவிற்று. சிறிது நேரத்தில் இருபது வண்டிகளுக்குமேல் அந்த மரத்தடியில் வந்து முட்டிக்கொண்டன. ஒருவர் தலையை ஒருவர் மறைத்தார்கள். ஒருவர் வண்டிக்கு ஒருவர் வழிவிடவில்லை. சிறுத்தை எழுந்தது, ஒரு முறை சுற்றிலும் பார்த்தது, இறங்கிப் புதருக்குள் போய்விட்டது. நான் அன்று கிட்டத்தில் பார்த்தவை மனிதர்களின் பிடரிகள்தாம். சிறுத்தை புதரில் மறைந்த அந்தக் கணத்தில் என் மனம் சுருக்கென்றது. ஒரு பிராணி மனிதனுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போவதை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணமானவனும் நானே.

அது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்பொழுது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். மாசி மாதம். நண்பர்கள் நால்வருடன் மாமல்லபுரத்துக்குப் போயிருந்தேன். பகலெல்லாம் சிற்பங்களைப் பார்த்தோம். இரவு உணவுக்குப் பின், சாளுவன்குப்பத்தை நோக்கிக் கடலோரமாக மணலில் நடந்தோம். அமாவாசை நெருங்கிய சமயம்; நல்ல இருட்டு. ஆளுக்கொரு பாட்டரி விளக்கு வைத்திருந்தோம்.

அலை வந்து மோதும் இடத்திலிருந்து மேட்டுமணலை நோக்கி ஒரு தடம் சென்றது. சிறிய டிராக்டர் ஒன்றின் சக்கரம் உருண்டு போனாற்போல இருந்தது. அதைப் பின்பற்றி ஓடினோம். தடத்தின் முடிவில் ஓர் ஆமை. இரண்டடி நீளத்துக்குச் சற்று மேற்பட்ட ஓடு. நம் கடற்கரை மக்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். அது தன் பின்கால் துடுப்புகளால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு துடுப்பைக் கிண்ணம்போல் வளைத்து மணலை அள்ளி மெல்ல வெளியே வைக்கும். பிறகு மற்றொரு துடுப்பு. நாங்கள் ஐவரும் சூழ்ந்துகொண்டோம். ஐந்து விளக்குகளையும் அதன் முகத்தில் பாய்ச்சினோம். நான் முழங்காலிட்டு, அதன் ஓட்டின்மேல் கையை வைத்தேன். ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அழுகிறதடா!" என்று ஒருவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆமை தோண்டுவதை நிறுத்திற்று. சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிற்று. ஒவ்வோர் அடிக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டு, வந்த வழியே உடலை இழுத்துச் சென்றது. அலை ஒன்று வந்து அதை ஏந்திக்கொண்டு போயிற்று. பாதி தோண்டிய குழி மட்டும் எங்கள் விளக்கொளியில் கிடந்தது.

அப்பொழுது கட்டுமரத்தின் நிழலிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். அவர் கோபமாகப் பேசவில்லை. கோபித்திருந்தால் எனக்கு மறந்து போயிருக்கும்.

"ஏன் தம்பி, பிள்ளை பெறுகிற வீட்டிலே விளக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் நுழைவீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு நா எழவில்லை. ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டுமென்று, "நாங்கள் முட்டையை எடுக்க வரவில்லை, ஐயா. பார்க்கத்தான் வந்தோம்" என்றேன்.

"முட்டையை எடுத்துத் தின்னவன்தான் தம்பி நான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் வயிற்றிலே வைத்துக்கொண்டு வந்திருக்கும்போது விரட்டினதில்லை" என்றார் பெரியவர். பிறகு, "பார்க்க வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டு என் பக்கத்திலே வந்து உட்காருங்க. நாளைக்கோ, மறுநாளோ, வேறே ஒருத்தி வருவாள்" என்றார்.

நாங்கள் உட்காரவில்லை. வெட்கத்தோடு விடுதிக்குத் திரும்பினோம். மறுநாட் காலை ஊருக்கு வந்துவிட்டோம்.

மாணவ நண்பர்களே, அன்று நாங்கள் செய்தது என்ன என்பதைப் பிற்பாடு புத்தகங்களைப் படித்துத்தான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன். பங்குனி ஆமை கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரியக்கூடியது. முட்டையிடும் பருவம் வந்தவுடன், தான் பிறந்த கரைப் பகுதியைத் தேடிப் பெரும்பாலும் திரும்பி வருகிறது. நம் கரையில் தை முதல் பங்குனி வரை அதற்குக் காலம். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டைகள் இடுகிறது. பிறகு குழியை மூடி, உடலை இப்புறமும் அப்புறமும் சாய்த்துத் தன் ஓட்டினாலேயே மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்துகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு அது தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கண்ணீர் என்று நாங்கள் சிரித்தது கண்ணீரன்று. கடல்நீரோடு உள்ளே சென்ற உப்பைக் கண்ணருகில் உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. ஆனால் அதன் அச்சம் மட்டும் உண்மையானது. கரையேறும்போதும் குழி தோண்டும்போதும் ஒளியைக் கண்டாலோ ஆளரவம் கேட்டாலோ, ஆமை வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அது மறுபடி வேறோர் இடத்தில் கரையேற முயலும். அங்கும் விளக்கும் கூட்டமும் இருந்தால்? கடைசியில் முட்டைகளைக் கடலிலேயே விட்டுவிட நேரலாம். கடலில் விழுந்த முட்டை பொரிப்பதில்லை. ஒரு பிராணியை அதன் ஓட்டின்மேல் கை வைக்கும் அளவுக்கு நெருங்கினேன். அதன் வாழ்க்கையில் நடக்கவிருந்த மிகப் பெரிய காரியத்தை நடக்கவொட்டாமல் செய்துவிட்டு, அதைப் 'பார்த்தேன்' என்று ஊரில் வந்து சொன்னேன்.

அன்றுமுதல், 'கிட்டத்தில் பார்ப்பது' என்றால் என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை சொன்ன ஆசிரியர்கள் பலர். அவர்களைத் தேடி நான் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் செங்கற்பட்டைச் சுற்றிலுமே இருக்கிறார்கள்.

முதல் ஆசிரியர் ஒரு கிராமம். மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள வேடந்தாங்கல்தான் அது. வேடர்கள் தங்கிய இடம் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வேடர் பெயரைத் தாங்கிய ஊர், பறவைகளுக்குத் தாய்வீடாக விளங்குவது ஒரு விந்தை அல்லவா? மாரிக்காலம் தொடங்கி ஏரியில் நீர் நிறைந்ததும் நத்தைக்குத்தி நாரைகளும், அரிவாள் மூக்கன்களும், கரண்டிவாயன்களும், கூழைக்கடாக்களும், நீர்க்காகங்களும் ஆயிரக்கணக்கில் வந்து, நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. வடதேசங்களிலிருந்து ஊசிவால் வாத்துகள் வந்து குளிர்காலத்தைக் கழித்துப் போகின்றன.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரியில் பறவைகளைச் சுட்டு வேட்டையாடினார்கள். ஊர்க் குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. அப்பொழுது செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை தங்களுடையது என்று 1798-இல் எழுத்து மூலமாகவே வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பறவைகளிடத்தில் அன்பு உண்டு. கூடவே கணக்கும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. அந்த நீர் பாய்ந்த வயலில் விளைச்சல் பெருகுகிறது. கொடுப்பதும் கொள்வதுமான இந்த உறவு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து வருகிறது. தீபாவளியன்று வேடந்தாங்கலில் வெடிச் சத்தம் கேட்பதில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் வெடி வெடிக்கும்போது, அவ்வூர்ப் பிள்ளைகள் பறவைகளுக்காக அந்த ஆசையை விட்டுக்கொடுக்கிறார்கள். உங்கள் வயதில் அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது உங்களுக்கே தெரியும்! 2022-ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அதன் பக்கத்து ஏரியான கரிக்கிலியும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றன.

ஏரிக்கரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தால், நாரை தன் குஞ்சின்மேல் வெயில் படாமல் சிறகை விரித்து நிற்பது தெரியும். படகில் ஏறி மரத்தடிக்குப் போனால் நாரை பறந்துவிடும்; குஞ்சு வெயிலில் வாடும்; நீங்கள் காண்பது வெறுங் கூடுதான். எட்ட நின்றால்தான் கிட்டப் பார்க்கலாம் என்பது வேடந்தாங்கல் எனக்குக் கற்பித்த பாடம்.

இரண்டாவது பாடம் வடநெம்மேலியில் கிடைத்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள அந்த ஊரில்தான் முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரும் அவருடைய துணைவியார் ஸாயி விட்டேக்கரும் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து 1976-இல் அதைத் தொடங்கினார்கள். இந்தியாவில் சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, கரியால் என மூவகை முதலைகள் உண்டு. தோலுக்காக வேட்டையாடப்பட்டும், ஆற்றங்கரைகள் அழிந்தும், மூன்றும் அருகிப்போன சமயம் அது. அந்த நிலையத்துக்கு ஆங்கிலத்தில் 'வங்கி' என்றே பெயர் வைத்தார்கள். தமிழில் அப்பெயர் இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது. முதலையே முதல், குஞ்சுகளே வட்டி! சில சதுப்பு முதலைகளை முதலாகப் போட்டுத் தொடங்கிய அந்த வங்கியில், வட்டி ஆயிரக்கணக்கில் பெருகிற்று. நாட்டின் பல சரணாலயங்களுக்கு இங்கிருந்து முதலைகள் சென்றன. பிற்காலத்தில் விடுவதற்கு ஆறுகளில் இடம் போதாமல், பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலையும் வந்தது. பிராணியைப் பெருக்கினால் மட்டும் போதாது, அது வாழும் இடத்தையும் காக்க வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

அங்கே போகும் பலர் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இது பொம்மையா, உயிருள்ளதா?" என்று கேட்பார்கள். ஒருவர் கல்லெடுத்து எறிந்து சோதித்ததையும் கண்டேன். முதலை மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வாயைத் திறந்து வைத்திருப்பது நம்மை விழுங்குவதற்காகவன்று; உடற்சூட்டைச் சீர்ப்படுத்திக்கொள்வதற்காக. அப்படிப்பட்ட பிராணியைப் பொறுமையாக ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கியவர்கள் கண்டறிந்தவை வியப்பானவை. சதுப்பு முதலையின் முட்டை ஆணாகுமா பெண்ணாகுமா என்பதை, அது புதைந்து கிடக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. 31 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் பெண்கள். 32, 33 பாகை அளவில் ஆண்கள் மிகுதி. கடலாமைக்கும் வெப்பமே விதி. ஆனால் அங்கே சூடு ஏற ஏறப் பெண்களே மிகுதி. பொரிக்கும் வேளையில் தாய் முதலை மணலைத் தோண்டி, குஞ்சுகளைத் தன் வாயிலே ஏந்தி நீரில் கொண்டு விடுகிறது. ஆண் முதலையும் அவ்வாறே குஞ்சுகளைச் சுமந்து காக்கும் என்பது 1980-களில் இந்த வடநெம்மேலியிலேயே கண்டறியப்பட்டது. முதலைவாய் என்றால் கொடுமைக்கு உவமை சொல்லும் நாம், அந்த வாய் தொட்டிலாவதையும் அறிந்துகொள்ள வேண்டும். கல்லெறிந்தவர் கண்டது ஒரு முதலையின் வால் அசைந்ததை மட்டுமே. காத்திருந்தவர்களோ ஒரு தந்தையைக் கண்டார்கள்.

மூன்றாவது ஆசிரியர்கள் இருளர்கள். செங்கற்பட்டு வட்டாரத்தில் வாழும் இந்தப் பழங்குடி மக்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர்களுடைய கல்வியைப் பார்த்திருக்கமாட்டீர்கள். நாம் வெறும் புழுதி என்று தாண்டிப்போகும் இடத்தில் அவர்கள் பாம்பின் தடத்தையும், சட்டையையும், எச்சத்தையும் படிக்கிறார்கள். வளை புதிதா பழையதா, உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வயிறு வளர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. அவர்களுடைய கல்வி வீணாகாமல் இருப்பதற்காக 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நால்வகைப் பாம்புகளை, வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து, வாய் துணியால் கட்டிய மண்பானைகளில் வைக்கிறார்கள். சில வாரங்களுக்குள் சில முறை நஞ்சை எடுத்துக்கொண்டு, வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் எதற்கு? அதே பாம்பு மறுபடி கையில் அகப்பட்டால், "இது ஏற்கனவே கொடுத்துவிட்டது" என்று விட்டுவிடுவதற்காக! அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த மருந்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

உலகம் சுற்றிய கதையைச் சொல்லுமாறு என்னைக் கேட்கிறார்கள். உண்மையில் அந்தக் கதைக்கு உரியவர்கள் இருளர்களில் இருவர்: வடிவேல் கோபால், மாசி சடையன். அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட பர்மா தேசத்து மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துவந்தன. நவீனக் கருவிகள் எல்லாம் இருந்தும் அவற்றைக் கண்டுபிடிப்பது அரிதாயிருந்தது. 2017 ஜனவரியில் இவ்விருவரையும் அழைத்தார்கள். முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். மற்றவர்கள் சாலையோரமாக வண்டியில் தேடுவார்கள். இவர்களோ அடர்ந்த புதருக்குள் மெல்ல நடந்து, மண்ணைப் படித்துக்கொண்டே சென்றார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பல்கலைக்கழகத்தார் அழைத்துப் பாடம் கேட்ட அந்தக் கல்வி, நம் செங்கற்பட்டு வயல்வரப்புகளில் கற்றது.

நான்காவது ஆசிரியரின் பெயரை எவரும் அறியார். ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் உளிபிடித்த பல்லவச் சிற்பி அவர். அருச்சுனன் தவம் என்றும், கங்கை இறங்கிய காட்சி என்றும் சொல்லப்படும் அந்தப் பாறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யானையின் கால்களுக்கிடையே குட்டிகள் ஒடுங்கியிருப்பதையும், தவம் செய்யும் பூனையையும் அதனடியில் எலிகளையும் கண்டு சிரித்திருப்பீர்கள். மறுமுறை போகும்போது அங்கே ஒரு மானைத் தேடிப் பாருங்கள். அது பின்னங்காலைத் தூக்கித் தன் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. அவ்வளவுதான். ஆனால் மான் எப்பொழுது அப்படிச் செய்யும்? அருகில் ஆளிருக்கிறது என்று தெரிந்தால் செய்யுமா? காதை விடைத்துக்கொண்டு நிற்கும், அல்லது ஓடிவிடும். தன்னை எவரும் அச்சுறுத்தவில்லை என்ற நிம்மதியில்தான் அது முகத்தைச் சொறியும். அந்தச் சிற்பி எத்தனை நாள் மூச்சடக்கிக் காத்திருந்து அதைக் கண்டாரோ! ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மான் நம்மைக் கண்டு மிரளாமல் சொறிந்துகொண்டே நிற்கிறது.

இனி, என் கதையின் முடிவைச் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் செங்கற்பட்டுக் கரையிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை வலையில் அகப்பட்டு நீருக்கு மேலே வர முடியாமற் போனால், அது மூச்சுத் திணறி மடிகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்பது நம் மாநிலத்து விதி. ஆமை தப்பிச் செல்ல வழி விடும் சாதனமும் வலைகளுக்கு உண்டு. விதியும் சாதனமும் இருந்தால் மட்டும் போதுமா? பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் கை வைத்த அந்த ஈரமான ஓடு என் உள்ளங்கையில் உறுத்திற்று.

அந்த மாசி மாதத்தில், தக்க அனுமதியோடு, ஆமை முட்டைகளைக் காக்கும் தொண்டர்களுடன் சேர்ந்து இரவில் நடக்கத் தொடங்கினேன். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். மீனவ இளைஞர்களும் இருந்தார்கள். நாய்களும் நரிகளும் தோண்டிவிடாதபடி முட்டைகளை எடுத்து வேலியிட்ட மணற்காப்பகத்தில் புதைத்து வைப்பது அவர்கள் தொண்டு. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இல்லை. என் முழங்கால் வலி மட்டும் வளர்ந்தது. ஐந்தாம் நாள், பின்னிரவில், அந்தத் தடத்தைக் கண்டேன்.

எங்களை அழைத்துச் சென்ற மீனவ இளைஞர் கையை நீட்டித் தடுத்தார். "ஐயா, இங்கேயே உட்காருங்க. பேச வேண்டாம்" என்றார். உட்கார்ந்தேன். விளக்கு இல்லை. நட்சத்திர ஒளியில் ஒரு கரிய உருவம், அவ்வளவே. மணல் அள்ளி வைக்கப்படும் ஓசை கேட்டது, அது நின்றது, பெருமூச்சு கேட்டது. நெடுநேரத்துக்குப் பின் மணலைத் தட்டும் ஓசை, யாரோ ஈரத் துணியைத் துவைப்பதுபோல், 'தப், தப்' என்று வந்தது. அது என்ன ஓசை என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்துவிட்டது! ஆமை திரும்பிற்று. எங்களுக்கு மூன்று கஜ தூரத்தில், எங்களை இன்னாரென்று அறியாமல், அவசரமின்றிக் கடலுக்குப் போயிற்று. நான் அதன் முகத்தைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஆயினும் என் வாழ்நாளில் ஒரு காட்டுப் பிராணியை நான் மிகவும் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான்.

குழியில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட முட்டைகள் இருந்தன. ஒன்றரை மாதத்துக்குப் பின் என் பேத்தியை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். குஞ்சுகள் ஒளி மிகுந்த அடிவானத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. இயற்கையில் இரவுக் கடலே ஒளி மிகுந்தது. இப்பொழுது சாலை விளக்குகளும் விடுதி விளக்குகளும் அவற்றை ஏமாற்றித் தரைப்பக்கம் இழுத்துவிடுகின்றன. ஆகவே இருட்டான இடம் பார்த்து விட்டார்கள். கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சுகள் அலையை நோக்கி ஓடின. அவற்றுள் மிகச் சிலவே பெரிதாக வளரும். பேத்தி ஒன்றைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். "தொடாதே கண்ணு, அது வேலையாகப் போகிறது" என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்தவர்களிடம் அந்தப் பழைய பெரியவரைப்பற்றி விசாரித்தேன். பெயர் தெரியாத ஒருவரை நாற்பது ஆண்டு கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது? "பக்கத்திலே வந்து உட்காருங்க" என்று அவர் அழைத்தபோது நான் உட்கார்ந்திருந்தால், அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ கிடைத்திருக்க வேண்டிய காட்சி, எனக்கு நரை வந்தபின் கிடைத்தது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பாதி தோண்டிய அந்தக் குழியையும் இனி என்னால் நிரப்ப முடியாது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளைக்கு உலகம் சுற்றுவீர்கள். சிங்கத்தையும் திமிங்கிலத்தையும் காண்பீர்கள். அதற்கு முன், இந்த மாசியிலோ பங்குனியிலோ, பெரியவர்களின் துணையோடும் தக்கவர்களின் அனுமதியோடும், நம் கடற்கரைக்கு ஒரு நாள் செல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஒன்றும் வராவிட்டால் மறுநாளும் உட்காருங்கள். யாராவது உங்களைப் பார்த்து, "பக்கத்திலே வந்து உட்காருங்க" என்று சொன்னால், என்னைப்போல் எழுந்து போய்விடாதீர்கள்.